சுப்பையனுக்கு ஓர் இலை

உ

காஜா பேராங், மலாக்கா
20-1-1959

அன்புள்ள தம்பி தேவதாசுக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நானும் ஜெயாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? விஜயாவைக் கேட்டதாகச் சொல். கடிதம் போட்டால் அவளாவது பதில் எழுதுவாள், நீ எழுத மாட்டாய்.

ஜெயாவுக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. வெளியூர் இல்லை, இரண்டு சந்து தள்ளி, கம்போங் செட்டியில்தான். நான் கெபாயா சட்டை தைத்துக் கொடுக்கும் அஞ்சலை மக்சிக்கின் மகன் இராமலிங்கம். அத்தையை அவர்கள் மலாயில் மக்சிக் என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். தபால் ஆபீசில் வேலை. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமி. பையனுக்குத் தமிழில் 'வாங்க', 'சாப்பிடுங்க' இரண்டும்தான் தெரியும். குடும்பம் நடத்த அது போதும் என்கிறாள் உன் மருமகள். ஆனி மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

ஒரு சிக்கல் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் அவர்கள் வீட்டில் பார்ச்சு என்று ஒரு படையல் உண்டு. இறந்துபோனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கு ஓர் இலை போட்டுப் பரிமாறுவார்கள். பெண் வீட்டில் யார் யார் என்று மக்சிக் கேட்டார். அப்பா, அம்மா, பெரியப்பா என்று சொன்னேன். "பெண்ணோட அப்பா?" என்று மலாயில் கேட்டார். கேட்கும்போது என் பொட்டைத்தான் பார்த்தார்.

நான் என்ன சொல்வேன்? ஜப்பான்காரன் மலாக்காவிலிருந்து தம்பின் ஊருக்குப் போன நம் ரயில் லைன் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனபோது, லைனில் வேலை பார்த்தவர்களையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போனான். தண்டவாளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. பதினாறு வருஷமாகிறது. செத்தார் என்று ஒருவரும் வந்து சொல்லவும் இல்லை.

உயிரோடு இருக்கிறவருக்கு இலை போட்டால் அவர் ஆயுசுக்கு ஆகாது. செத்தவரைக் கூப்பிடாமல் விட்டாலோ, மகள் கல்யாணத்தில் அப்பன் பசியோடு வாசலில் நிற்பான் என்கிறார் மக்சிக். என் தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது.

உன் அக்கா
சந்திரமதி


செந்தூல், கோலாலம்பூர்
17-2-1959

அன்புள்ள அக்காவுக்கு,

தேவதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. நீயும் ஜெயாவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நானும் விஜயாவும் சுகம். இருமல் பரவாயில்லை. இராமலிங்கம் நல்ல இடமாகவே தெரிகிறது. எனக்குப் பூரண சம்மதம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எங்கள் ரயில் பட்டறையில் வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகிறார், அவர் இடத்துக்கு நம்மவர் ஒருவர் வருகிறார். அதனால் வேலை அதிகம்.

நிற்க. நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு செய்தி இருக்கிறது. இங்கே ஜாலான் அம்பாங்கில் போன வருஷம் அரசாங்கம் ஓவியக் கூடம் ஒன்று திறந்தது. சென்ற ஞாயிறு விஜயாவோடு போயிருந்தேன். சயாமில் கைதியாக இருந்த ஒரு வெள்ளைக்காரர் அங்கே வரைந்த படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு படத்தில் நம் ஆள் ஒருவர், தகரக் குவளையோடு கீழே உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா, அந்த முகம் அத்தான் முகமாக இருக்கிறது.

நான் நிச்சயமாகச் சொல்லவில்லை. நீ பார்த்துச் சொல்ல வேண்டியது. கண்காட்சி மே மாதக் கடைசி வரை. சமயம் பார்த்து உன்னை அழைத்துப் போகிறேன். அதற்குள் மனதை அலட்டிக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

அன்புத் தம்பி
தேவதாஸ்


காஜா பேராங்
20-2-1959

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கு எல்லாரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மக்சிக்கின் கெபாயாவில் ஒரு கையைத் திருப்பித் தைத்துவிட்டேன்.

முகமாக இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் போதுமா? படத்தில் அவர் எப்படி இருக்கிறார்? மெலிந்திருக்கிறாரா? தாடி இருக்கிறதா? வலி இருக்கிற முகமா, சும்மா களைத்த முகமா? வரைந்த வருஷம் எழுதியிருக்கிறதா? அந்த வெள்ளைக்காரருக்கு அவரைத் தெரியுமா, பேசியிருக்கிறாரா? அதையெல்லாம் எழுது.

அந்த இடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்றும் எழுது. உள்ளே போகக் காசு கேட்பார்களா? செருப்பை வெளியே விட வேண்டுமா? என்னைப் போன்றவர்கள் போனால் உள்ளே விடுவார்களா, இல்லை துரைமார்களுக்கு மட்டுமா? ஒரு முழம் பூ கொண்டுபோய்ப் படத்தின் கீழே வைக்கலாமா? கற்பூரம் வேண்டாம், எனக்கே தெரிகிறது. படத்துக்குப் பக்கத்தில் உட்கார இடம் உண்டா? நின்றே பார்க்க வேண்டும் என்றாலும் சரிதான்.

எங்கள் கல்யாணப் படத்தை ஜப்பான் காலத்தில் கரையான் தின்றுவிட்டது, உனக்குத் தெரியும். அவர் போனபோது ஜெயாவுக்கு நாலு வயசு. நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "அம்மா, என் மூக்கு அப்பா மூக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சாப்பாட்டை வைத்துவிட்டுக் கண்ணாடி பார்க்கப் போய்விட்டாள்.

எப்போது வரலாம்? அடுத்த வாரமே புறப்படட்டுமா?

சந்திரமதி


செந்தூல்
14-3-1959

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் சுகம். மலாக்காவில் நல்ல மழை என்று பத்திரிகையில் பார்த்தேன். கூரை ஒழுகுகிறதா?

நீ கேட்டவற்றுக்குப் பதில். காசு கிடையாது. செருப்போடு போகலாம். யாரும் போகலாம், சுதந்திரம் வந்த பிறகு எல்லா வாசலும் நமக்கும்தான். பூ வைக்க விடமாட்டார்கள். தொடக் கூடாது. சுவரோரம் ஒரு மலாய்க் காவலர் நிற்கிறார். நடுவில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். நிலையத்திலிருந்து பஸ் உண்டு.

படத்தில் தாடி இருக்கிறது. உடம்பு மெலிவுதான். இடுப்பில் ஒரு துண்டு. முகத்தில் வலி தெரியவில்லை, தூரத்தில் எதையோ பார்ப்பது போல இருக்கிறது.

படத்தின் கீழே ஓர் அட்டையில் எழுதியிருக்கிறது. சயாம், காலரா முகாம், 1943 என்று. அந்த முகாமுக்குப் போனவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லையாம். இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் நீ வந்து நின்று படிப்பதைவிட முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லது என்று எழுதுகிறேன்.

லீவு இந்த மாதம் கிடைக்காது. அவசரப்பட்டுத் தனியாகப் புறப்பட்டுவிடாதே.

தேவதாஸ்


காஜா பேராங்
19-3-1959

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறோம். கூரை ஒழுகவில்லை.

மிஞ்சவில்லை என்கிற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுவதும் அதைத் தொடவில்லை. மறுநாள் எடுத்து மீதியைப் படித்தேன். நீ பயப்படுகிற மாதிரி விழுந்து புரளவில்லை. பதினாறு வருஷம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பயந்தவளுக்கு மொத்தமாகப் பயப்பட மிச்சமில்லை.

ஆனால் நான் பார்க்க வேண்டும். நீ சொன்னதை நம்பி இலை போட மாட்டேன், அட்டையில் எழுதியிருப்பதை நம்பியும் போட மாட்டேன். அவர் முகத்தை என் கண்ணால் பார்த்துவிட்டுப் போடுகிறேன். ஏப்ரலில் வருகிறேன், ஜெயாவையும் கூட்டிக்கொண்டு. அவளும் அவள் அப்பாவைப் பார்க்க வேண்டாமா?

அவர் எடுத்துக் கொடுத்த அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறேன். நீ சிரிப்பாய். படத்தைப் பார்க்கப் போகிறவள் எதைக் கட்டினால் என்ன, படமா என்னைப் பார்க்கப் போகிறது? இருந்தாலும் பொட்டோடும் பூவோடும் அவர் முன்னால் போய் நிற்கிறேன். திரும்பி வரும்போது இரண்டும் இருக்காது.

எந்த ரயிலில் வர வேண்டும் என்று எழுது.

சந்திரமதி


செந்தூல்
7-4-1959

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

ஏப்ரல் வேண்டாம். யோசித்துப் பார்த்ததில் நீ வரவே வேண்டியதில்லை என்று படுகிறது. தம்பின் வரை பஸ், பிறகு ரயில், அலைச்சல். வந்து ஒரு படத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போவதால் என்ன ஆகப் போகிறது? ஜெயாவைக் கட்டாயம் அழைத்து வராதே. கல்யாணப் பெண்ணுக்கு அது நல்லதில்லை.

நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். அத்தான்தான். என்னை நம்பு. மக்சிக்கிடம் சொல்லி இலை போடச் சொல். ஆக வேண்டியதைப் பார்ப்போம்.

தேவதாஸ்


செந்தூல்
29-4-1959

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான்தான் பதில் போடாதவன் என்று கேலி செய்வாய், இப்போது நீ என்னை விஞ்சிவிட்டாய். உடம்புக்கு ஏதாவதா? விஜயா தினமும் தபால்காரனை எட்டிப் பார்க்கிறாள். ஜெயாவையாவது எழுதச் சொல்.

கல்யாணப் புடவை இங்கே கோலாலம்பூரில் பாத்து ரோட்டுக் கடையில் எடுக்கலாம் என்று விஜயா சொல்கிறாள். தாய்மாமன் வரிசையில் என் பங்குக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்.

தேவதாஸ்


காஜா பேராங்
5-5-1959

தேவதாசுக்கு,

சனிக்கிழமை போய்விட்டு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. மக்சிக்கும் அவர் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் துணைக்கு வந்தார்கள். ஜெயாவை நீ சொன்னபடி விட்டுவிட்டுத்தான் போனேன்.

கூடம் பெரிது. நம் கோவில் மண்டபத்தைப் போல நாலு மடங்கு. குளுகுளுவென்று இருந்தது, சத்தமே இல்லை. பழங்கள், படகுகள், வயல்கள் என்று படங்கள். மக்சிக் ஒவ்வொன்றுக்கும் நின்றார், நான் நிற்கவில்லை. காவலரிடம் சயாம் என்றேன், அவர் கையைக் காட்டினார். படத்துக்கு முன்னால் போனவுடன் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தேன். பிறகு கையை. கடைசியில்தான் முகம்.

மக்சிக் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இத்து டியா?" என்றார். அவர்தானா என்று. "புக்கான்" என்றேன். இல்லை என்று.

நெற்றியும் மூக்கும் அப்படியே இருக்கிறது, உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அது யாரோ. எந்தத் தோட்டத்துப் பிள்ளையோ, யார் வீட்டுக்காரரோ. அந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த ஆளுக்காக அழுதேன். அவருக்காக அங்கே வந்து அழ வேறு யாரும் இருந்த மாதிரி தெரியவில்லை. காவலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனுஷன்.

புறப்படும்போது அட்டையைப் படித்துச் சொல்லச் சொன்னேன். ஏகாம்பரம் இங்கிலீஷ் படித்தவர். "தொழிலாளி, சயாம், 1943" என்று படித்தார். அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். காலரா என்று எங்காவது இருக்கிறதா, நன்றாகப் பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சுவரில் இருந்த எல்லா அட்டையையும் எனக்காகப் படித்தார். எதிலும் இல்லை.

அந்தக் காலரா முகாம் உனக்கு எங்கிருந்து வந்தது? படம் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரயிலில் வரும்போது தம்பின் வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

யார் சொன்னது? எப்போது சொன்னது? இரண்டையும் எழுது. விஜயா சுகமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

சந்திரமதி


செந்தூல்
13-5-1959

அக்கா,

ஐந்தாறு நாளாகக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன்.

சொன்னவர் மாணிக்கவாசகம். அத்தானோடு ஒரே வண்டியில் சயாமுக்குப் போனவர். 1946 மார்ச்சில் திரும்பி வந்து செந்தூலில் என்னைத் தேடிப் பிடித்தார். அத்தான் 1943 செப்டம்பரில் காலராவில் போய்விட்டார். கடைசியில் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். எரித்ததும் அவரும் இன்னும் இரண்டு பேரும்தான்.

அப்போது எனக்கு இருபது வயது. அந்த மாதம் நீ டைபாயிட் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பார்க்க வந்தேன். "அவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டாயா?" என்றுதான் முதல் வார்த்தை கேட்டாய். இல்லை என்றேன். எழுந்து நடமாடட்டும், சொல்கிறேன் என்று நினைத்தேன். நீ எழுந்து நடமாடினாய். தீபாவளி கழியட்டும் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் சொன்னால், போன வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயம் வந்தது. அதற்கப்புறம் அந்தப் பயம்தான் பெரிதாகிக்கொண்டே போனது.

1948-ல் ஜெயபாலன் மாஸ்டர் உன்னைக் கேட்டு எனக்கு எழுதினார். நல்லவர், ஜெயாவைத் தன் பிள்ளையாகவே பார்ப்பதாக எழுதியிருந்தார். "என் புருஷன் சயாமில் இருக்கும்போது எனக்கு என்ன மாப்பிள்ளை?" என்று நீ என்னைத் திட்டி அனுப்பினாய். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அக்கா, அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்குவதில்லை.

அந்தப் படம் அத்தான் இல்லை என்று எனக்கும் தெரியும். சாயல் இருந்தது. இத்தனை வருஷத்தில் உனக்கும் முகம் மங்கியிருக்கும், அந்தப் படமே உனக்குச் சொல்லிவிடட்டும், நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். நீ நிஜமாகவே வருகிறேன் என்றதும்தான், கண்டுபிடித்துவிடுவாயோ என்று பயந்து வராதே என்று எழுதினேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

தேவதாஸ்


காஜா பேராங்
28-5-1959

தேவதாசுக்கு,

கடிதம் கிடைத்தது.

முகம் மங்கியிருக்கும் என்று எழுதினாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு மங்கவில்லை. மங்கவிடாமல் வைத்திருந்ததே எனக்கு வேலையாக இருந்தது.

ஜெயபாலன் மாஸ்டருக்காக நான் அழவில்லை. அப்படி ஒன்றும் ஆசைப்பட்டவள் இல்லை நான். இருபத்தாறு வயதில் அழ வேண்டிய அழுகையை முப்பத்தொன்பது வயதில் அழ வைத்தாயே, அதற்குத்தான் உன்மேல் கோபம். மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன், பொய்யாக இருந்தது, விட்டுவிட்டேன். ஒருநாள் எழுதுவேனோ என்னவோ.

பொட்டை நானே எடுத்துவிட்டேன். ஒப்பாரிக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஜெயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மக்சிக் வந்து, அரிசி களைந்து, உலை வைத்து, எங்களைச் சாப்பிட வைத்துவிட்டுப் போனார்.

பார்ச்சு ஜூன் பதினெட்டு. இலை போடப் போகிறோம். பெயரை நான் சொல்லக் கூடாது, ஜெயா சொல்வாள். அந்தப் படத்து ஆளுக்கும் பக்கத்தில் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன். பெயர் தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது என்றார் மக்சிக். பெயர் தெரியாவிட்டால் பசிக்காதா என்றேன். சரி என்றார்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. பார்ச்சில் அவரவருக்குப் பிடித்ததை அவரவர் இலையில் வைக்க வேண்டுமாம், மீனோ கறியோ எதுவானாலும். "சுப்பையனுக்கு என்ன பிடிக்கும்?" என்று மக்சிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தம்பி. ஐந்து வருஷம் ஆக்கிப் போட்டேன். வைத்ததை எல்லாம் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போகிறவர். முகத்தை வைத்துக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. பட்டினி கிடந்தவர்கள் சோற்றைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். மாணிக்கவாசகத்திடம் போய்க் கேள். அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போக முடியாது. ஜெயாவுக்காக வா. என்னோடு பேச வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

சந்திரமதி


செந்தூல்
6-6-1959

அக்கா,

மாணிக்கவாசகத்தைப் பார்த்தேன். நீ கேட்கச் சொன்னதை மட்டும் கேட்டேன். சொன்னார்.

முகாமில் வெறும் சோறும் முள்ளங்கி போட்ட தண்ணீரும்தானாம். படுத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் தங்கள் வீட்டுச் சமையலைச் சொல்வார்களாம். ஒருவர் ஆட்டுக்கறி என்பார், ஒருவர் பாயசம் என்பார். அத்தான் மட்டும் தினமும் ஒன்றையே சொன்னாராம். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு.

அத்தான் சொன்னபடியே எழுதுகிறேன். "கருவாட்டுல இருக்கிற உப்பு போதாதுன்னு எம் பெஞ்சாதி மேல ஒரு கை அள்ளிப் போடுவா. வாயில வைக்க முடியாது. மனசு நோகுமேன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. இப்ப அந்த உப்போட ஒரு வாய் கெடைச்சாப் போதும்."

கடைசி நாளும் இதைத்தான் கேட்டாராம்.

பதினேழாம் தேதி வருகிறேன். அன்றைக்கு உப்பைக் குறைக்க வேண்டாம், அக்கா.

தேவதாஸ்